சதுப்பில் மூன்று விடியல்கள்

"முழங்கால் சரியா இருக்கு. தோள் திமில் சரியா இருக்கு. கொம்பை மூணு தரம் அளந்துட்டேன். அப்புறம் ஏன் இது வெறும் கல்லாவே நிக்குது?"

கேட்டவர் அர்வோ. முப்பது வருடம் கால்நடை மருத்துவராக இருந்தவர். அந்த வேலையை உதறிவிட்டு, பின்லாந்தின் ஏரிக்கரை ஊர் ஒன்றில், விலங்குகளை மட்டுமே செதுக்கும் ஹில்யாவிடம் சிஷ்யராகச் சேர்ந்திருந்தார். ஹில்யா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

எதிரே கருங்கல்லில் ஒரு எல்க். குதிரையைவிட உயரமான காட்டுமான்.

அர்வோ செதுக்கிய மூன்றாவது எல்க் அது. முதல் இரண்டையும் தன் கையாலேயே உடைத்துப்போட்டார். இதுவும் தேறாவிட்டால் மாட்டுக் கொட்டகைக்கே திரும்பிவிடுவதென்று முடிவு செய்திருந்தார்.

ஹில்யா சிலையைத் தொடவில்லை.

"எத்தனை எல்க் பார்த்திருப்பீங்க, டாக்டர்?"

"அறுத்துப் பார்த்ததே இருநூறு தேறும்."

"நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி வாங்க. ரப்பர் பூட்ஸ் போட்டுக்குங்க."

முதல் நாள் சதுப்பு நிலத்தில் பனிமூட்டம்தான் இருந்தது.

இரண்டாம் நாள் மழை. அர்வோவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஹில்யா ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அது வந்தது.

பிர்ச் மரங்களுக்கிடையே இருந்து இறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் வந்து நின்றது. முப்பதடி தூரம். மூச்சு ஆவியாகப் பறந்தது.

அர்வோ நோட்டைத் திறந்தார். விரல் விறைத்திருந்தது, ஆனாலும் பென்சில் ஓடியது. குளம்பு. முழங்கால். தாடைக்குக் கீழே தொங்கும் தோல். கொம்பின் கிளைகளை ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி வரைந்தார்.

பன்னிரண்டாம் பக்கத்துக்குப் புரட்டியபோது தண்ணீர் சலசலத்தது. நிமிர்ந்தார். பிர்ச் மரங்கள் மட்டும் நின்றன.

இத்தனை கிட்டத்தில், இத்தனை நேரம் எந்த எல்க்கும் அவருக்காக நின்றதில்லை. முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

ஹில்யாவின் கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன.

"நீங்க ஒரு கோடுகூடப் போடலையே?"

"அது என்னைப் பார்த்துட்டு இருந்துச்சு."

அர்வோ நோட்டைப் பார்த்தார். பதினொரு பக்கம். ஒன்றிலும் கண் இல்லை. அதை மெதுவாக மூடினார்.

"என்னைப் பார்த்துச்சா?"

"உங்களைத்தான் ரொம்ப நேரம் பார்த்துச்சு," என்றார் ஹில்யா.