அறுபது வாட் கச்சிதம்

கோவில்பட்டிக் கடைத்தெருவில் ஒரு குரு இருந்தாள். ஆசிரமத்து வாசலில் ‘இசக்கி எலெக்ட்ரிக்கல்ஸ்’ என்று பலகை தொங்கும். குருவுக்கு வயது முப்பத்து மூன்று. பேனா செருக வேண்டிய இடத்தில் டெஸ்டர் செருகியிருப்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் அருமைநாயகம், வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். இதே இசக்கித்தாயை ஒரு காலத்தில் மின்சாரப் பாடத்தில் ஃபெயிலாக்கி, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்த புண்ணியவான். இப்போது அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஒயர் சீவக் கற்றுக்கொண்டிருந்தார். குரு இன்னமும் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டாள். பழைய பயம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

வீட்டு ஹாலில் ஃபால்ஸ் சீலிங்கைச் சுற்றி எல்இடி பட்டை ஒட்ட வேண்டும் என்பது சீடரின் ஆசை. அதையும் தன் கையாலேயே செய்ய வேண்டும்.

“பன்னெண்டு வோல்ட் பட்டை, அஞ்சு மீட்டர். மீட்டருக்குப் பன்னெண்டு வாட். ஆக அறுபது. அறுபது வாட் பவர் சப்ளை ஒண்ணு எடும்மா” என்றார்.

“நூறு வாட்டா வாங்குங்க சார்.”

“எதுக்கு?”

“வோல்ட்டு அப்படியே பொருந்தணும். வாட்டு கொஞ்சம் மிச்சம் இருக்கணும்.”

“மிச்சம் நாப்பது என்ன பண்ணும்?”

“சும்மா இருக்கும்.”

‘சும்மா’ என்ற சொல் அருமைநாயகத்துக்கு ஆகவே ஆகாது. அதைச் சொன்ன பையன்களை பெஞ்ச் மேல் ஏற்றியவர் அவர்.

“சும்மா இருக்கிறதுக்கெல்லாம் நம்ம வீட்ல இடம் கிடையாதும்மா. கச்சிதமா அறுபதே கொடு.”

குரு அறுபதே கொடுத்தாள். வாயை எப்போது மூடிக்கொள்ள வேண்டும் என்பது குருமார்களுக்கும் தெரியும், கடைக்காரர்களுக்கும் தெரியும்.

பதினைந்து நாள் கழித்துச் சீடர் வந்தார். சட்டையில் பித்தான் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தது. ஷேவ் செய்யவில்லை.

“சொர்ணம் போயிட்டாம்மா.”

சொர்ணம் அவர் மனைவி. குருவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஐயோ, எங்க சார்?”

“சங்கரன்கோவிலுக்கு. தங்கச்சி வீட்டுக்கு. நாலு நாளாச்சு. போன் போட்டா எடுக்க மாட்டேங்கா. எல்லாம் இந்தப் பாழாப் போன லைட்டாலதான்.”

விளக்கு முக்கால் மணி நேரம் எரியுமாம், பிறகு தானே அணையுமாம். பத்து நிமிஷம் கழித்துத் தானே எரியுமாம். நாலு நாளைக்கு முன்பு சொர்ணம் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அது அணைந்திருக்கிறது. டார்ச்சைப் பிடி என்று அருமைநாயகம் ஹாலிலிருந்து சத்தம் போட்டிருக்கிறார். சொர்ணம் வந்தாள். டார்ச்சை வாங்கினாள். ஒரு நிமிஷம் விளக்கையே அண்ணாந்து பார்த்தாள். டார்ச்சை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அடுப்பை அணைத்தாள். பையை எடுத்தாள். போயே போய்விட்டாள்.

“முப்பத்திரண்டு வருஷத்துல சொல்லாம அவ தெருமுனைக்குக்கூடப் போனதில்ல. லைட்டு மட்டும் நின்னு எரிஞ்சா வந்துருவா. வந்து பாரும்மா.” அவருக்கு உள்ளுக்குள் பயம்தான். அதைச் சொல்ல வாத்தியாருக்கு வாய் வரவில்லை.

குரு கடையைச் சாத்திவிட்டு, ஒரு நூறு வாட் பவர் சப்ளைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவரோடு போனாள்.

வீட்டில் அருமைநாயகத்தின் அப்பாவும் இரண்டு மகன்களும் இருந்தார்கள். நாலு ஆம்பளைகள். நாலு பேருக்கும் நல்ல பசி.

“ஒரு காப்பி கிடைக்குமா சார்?” என்றாள் குரு.

“இதோ” என்று அருமைநாயகம் அடுக்களைக்குள் போனார். ஒரு டப்பாவைத் திறந்தார், அது மஞ்சள் தூள். இன்னொன்றைத் திறந்தார், வெந்தயம்.

“டேய், காப்பித் தூள் எங்கடா இருக்கு?”

“அம்மாவுக்குத்தான் தெரியும்” என்றான் பெரியவன், மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமல்.

“வெந்நி எங்கல?” என்றார் வாத்தியாரின் அப்பா, உள்ளறையிலிருந்து.

“அப்பா, என் நீலச் சட்டை எங்க?” என்றான் சின்னவன்.

“கேஸ் புக் பண்ணியாச்சா?” என்றான் மறுபடியும் பெரியவன்.

அருமைநாயகம் கையில் வெந்தயத்தோடு நட்டநடுவில் நின்றார்.

குரு ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தது. கட்டம் போட்டு, ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், வாத்தியாரின் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. ‘சொர்ணம் – தினசரி’ என்று தலைப்பு. ஐந்து மணிக்குப் பால். ஐந்தே காலுக்கு அப்பாவுக்கு வெந்நீர். அப்படியே இறங்கி, இரவு பத்துக்குத் தயிருக்கு உறை. காலிக் கட்டம் ஒன்றுகூட இல்லை.

“இது நீங்க போட்டதா சார்?”

“ஆமா.” அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு சின்னப் பெருமை. “ரிட்டயர் ஆனதும் முதல் வேலையாப் போட்டேன். ஒரு நிமிஷம் வீணாகாது.”

“ஸ்கூல்ல உங்களுக்கு நாளைக்கு எத்தனை ஃப்ரீ பீரியட் சார்?”

“ரெண்டு. ஒண்ணாக் குறைக்கப் பாத்தாங்க. விடுவேனா? ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல போய் உக்காந்துட்டேன்.”

“ஏன் சார்?”

“என்னம்மா கேள்வி இது? மூச்சு விடாமப் பாடம் நடத்துனா மனுஷன் என்னத்துக்கு ஆவான்?”

“அதுஞ்சரிதான்” என்றாள் குரு. விளக்கு சுவிட்சைப் போட்டுவிட்டுக் காப்பி இல்லாமலேயே உட்கார்ந்தாள்.

முக்கால் மணி நேரத்தில் விளக்கு சொல்லி வைத்தது போல அணைந்தது. குரு மெயினை அணைத்தாள், ஸ்டூலில் ஏறினாள், சீலிங்கைப் பிரித்தாள். பவர் சப்ளையைச் சுற்றி அருமைநாயகம் தெர்மாக்கோல் வைத்து, பட்டி பூசி, இடுக்கே இல்லாமல் அடைத்திருந்தார்.

“வெளியே தெரியக் கூடாதுன்னுதான்” என்றார்.

குரு துணியால் அதைப் பிடித்து உருவி நீட்டினாள். “பிடிங்க சார்.”

வெறுங்கையால் வாங்கிய சீடர், “அம்மாடி!” என்று சோபாவில் போட்டுவிட்டு விரலை ஊதினார். “என்னம்மா இப்படிக் கொதிக்கி!”

“பதினஞ்சு நாளா அப்படித்தான் சார்.”

நூறு வாட் பெட்டியை, காற்றுப் போக இடம் விட்டு அவள் மாட்டினாள். விளக்கு எரிந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரமும் ஆயிற்று. அணையவில்லை. குரு பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடுதான்.

அருமைநாயகத்துக்கு முகமெல்லாம் பல். செல்போனை எடுத்துவிட்டார்.

“லைட்டு நின்னு எரியுதுன்னு சொர்ணத்துக்கு மெசேஜ் போட்டுரட்டுமா? வந்துருவாள்ல?”

குரு கருவிகளைப் பையில் போட்டாள்.

“அது கிடக்கட்டும். எனக்கு ஒரு சந்தேகம்” என்றார் சீடர். சோபாவில் கிடந்த பழைய பெட்டியைக் காட்டினார். “அறுபது வாட் வேலை, அறுபது வாட் பெட்டி. நானும் எத்தனையோ தடவை போட்டுப் பாத்துட்டேன். என் கணக்குல எங்கம்மா தப்பு?”

“கணக்கு சரிதான் சார்” என்றாள் இசக்கித்தாய். “எரியும்போது ஒரு தடவையாவது கைய வச்சுப் பாத்தீங்களா?”

அருமைநாயகம் சுட்ட விரலைப் பார்த்தார். உள்ளறையிலிருந்து அப்பா மறுபடியும் வெந்நீர் கேட்டார். வாத்தியார் செல்போனைப் பைக்குள் வைத்தார். ஃப்ரிட்ஜிலிருந்து அட்டவணையை மெதுவாக உரித்து நாலாக மடித்தார். பிறகு சங்கரன்கோவில் பஸ்ஸைப் பிடிக்கச் செருப்பைத் தேடினார்.