கொம்பியின் வாய்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு டிவி அலமாரியில் நான்கு கேசட்டுகள் குடியிருந்தன. நான்கும் 'பசும்பட்டி' என்கிற ஒரே வீடியோ கேமின் அண்ணன் தம்பிகள். ஊர் ஒன்றைக் கட்டி, மரம் நட்டு, மீன் பிடித்து, அக்கம்பக்கத்து மிருகங்களோடு பேசிப் பழகும் விளையாட்டு அது. வெட்டுக்குத்து கிடையாது. குடும்பத்தோடு ஆடலாம் என்று அட்டையிலேயே போட்டிருக்கும்.

நான்கு ஊரிலும் வாசலில் நிற்பது கொம்பி என்கிற ஆடு. முகம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். வாய்தான் வேறு.

முதல் ஊரின் கொம்பிக்கு வாய் நீளம். விளையாடுகிற பிள்ளை நாலு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும். களை மண்டினால் திட்டும். சில பெற்றோருக்கு அது பொறுக்கவில்லை. ஆடு எங்கள் பிள்ளையின் மனசை நோகடிக்கிறது என்று கேம் கம்பெனிக்கு எழுதிப் போட்டார்கள். இரண்டாவது கேசட்டில் கொம்பியின் வாயில் பாதியை வெட்டினார்கள். மூன்றாவதில் களையே முளைக்காமல் செய்தார்கள். நான்காவதில் கொம்பிக்குப் பாராட்டு மட்டும் மிச்சம். பிள்ளையைக் கேள்வி கேட்க ஓர் ஆடுகூட இருக்கக் கூடாதாம்! என்ன அநியாயம் இது?

அந்த வீட்டுப் பெண் கிருபா ஏழாம் வகுப்பு. அவளுக்குப் புதிதாக ஒரு கார் கேம் வேண்டும்.

"பழசுல ஒண்ணக் கடையில குடுத்து மாத்திக்கோ. அலமாரில இனி இடம் கெடையாது" என்று சொல்லிவிட்டாள் அம்மா ஜெபக்கனி.

கிருபா நோட்டில் கட்டம் போட்டு நான்கையும் ஒப்பிட்டாள். நாற்காலி எத்தனை, மீன் எத்தனை, சட்டை எத்தனை? நாற்காலியில் நான்காவது கேசட்டுக்கு நானூறு, முதலாவதுக்குப் பன்னிரண்டு. முதலாவதின் மேல் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி விழுந்தது.

அன்று அலமாரிக்குள் சண்டை.

"பன்னிரண்டே நாற்காலிதானா?" என்று சிரித்தது நான்காவது கேசட்.

"பன்னிரண்டுலயும் ஆள் உக்காந்திருக்கு. உன் நானூறுல யாரு இருக்கா?" என்று கேட்டது முதல் ஊரின் கொம்பி. கேசட் எந்த நாட்டில் பிறந்தால் என்ன, இந்த வீட்டில் பல வருஷம் பழகிய பிறகு அதற்கு இந்த வீட்டுப் பேச்சுதான்.

"என் ஊரில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. யாரும் வீட்டைக் காலி செய்து போவதுமில்லை. இதுவரை ஒரு பிள்ளைகூட அழுததில்லை" என்றது நான்காவது கேசட்.

பழைய கொம்பி அதை விட்டுவிட்டு நான்காவது ஊரின் புதிய கொம்பியிடம் திரும்பியது. "ஏட்டி, உன் வாய என்ன செஞ்சாங்க?"

"இன்று எவ்வளவு இனிய நாள்!" என்றது புதிய கொம்பி.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

"உங்கள் கொம்பு மிக அழகு!"

பழைய கொம்பிக்குக் கோபம் தலைக்கேறியது. அப்புறம்தான் அதன் கண்ணைப் பார்த்தது. பாவம், அது பதில் சொல்லத்தான் தவிக்கிறது. சொல்வதற்கு அதன் வாயில் வேறு எதையும் யாரும் வைக்கவில்லை.

மறுநாள் கிருபாவுக்கு டெங்கு. இருபது நாள் ஆஸ்பத்திரி. பார்க்க வகுப்பிலிருந்து ஒருவரும் வரவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பதினெட்டுக் கட்டைவிரல் படங்கள் வந்திருந்தன, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் நான்காவது கேசட்டைப் போட்டாள். புதிய கொம்பி ஓடி வந்தது. எங்கே போனாய் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தது.

"இன்று எவ்வளவு இனிய நாள்! உன் சட்டை பிரமாதம்!"

பூக்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ஒரு புல்கூட வளரவில்லை. தான் இல்லாமல் இந்த ஊருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று கிருபாவுக்குப் புரிந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

பழைய ஊரை அழித்த பிறகுதான் கேசட்டைக் கொண்டுவர வேண்டும் என்பது கடைக்காரர் விதி. அழிப்பதற்காக முதல் கேசட்டைப் போட்டாள். முழங்கால் அளவு களை. போட்ட கிழங்கெல்லாம் அழுகிக் கிடந்தது. வாசலில் கொம்பி.

"ஏட்டி, நில்லு! இருபது நாளா எங்கட்டி போன? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகத் தெரியாதா? பக்கத்து வீட்டு முள்ளம்பன்றி உனக்காக நாலு நாளு ஸ்டேஷன்லயே காத்துக் கெடந்துட்டு ஊரவிட்டே போயிட்டான். எங்களயெல்லாம் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

ஆஸ்பத்திரியில் ஊசிக்குக்கூட அழாத கிருபா தேம்பித் தேம்பி அழுதாள்.

"என்னட்டி, அழுவுதியா சிரிக்கியா?" என்று அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள்.

"கொம்பி திட்டுதும்மா. நான் வரலன்னு திட்டுது."

ஜெபக்கனி திரையில் இருந்ததை ஒருமுறை வாசித்தாள். "நாயமாத்தான கேக்குது. பதில் சொல்லு" என்றாள்.

கிருபா அந்த ஊரை அழிக்கவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்து களை பிடுங்கினாள். பிறகு நோட்டை எடுத்து, சிவப்புப் பெருக்கல் குறியை நான்காவதுக்கு மாற்றிப் போட்டாள்.

நான்காவது கேசட் மறுபடி விளையாட்டுப் பெட்டிக்குள் போனது. 'இந்த ஊரை அழிக்கலாமா?' என்று திரை கேட்டது. கிருபாவின் விரல் பொத்தானுக்குப் போனது.

புதிய கொம்பி நானூறு நாற்காலிகளையும் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடி வந்தது. வேண்டாம், இது என் குற்றமில்லை, என் வாயை வெட்டியவர்களைப் போய்க் கேள் என்று கத்துவதற்காக, உள்ள பலத்தையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தது.

"இன்று எவ்வளவு இனிய நாள்!"