எண்ணெய் அடைத்த இடைவெளி

மலையடிவாரத்து வைத்தியசாலையில் எண்ணெய் கொடுக்கும் ஜன்னல் ஐயம்பெருமாளின் பொறுப்பு. முன்னே மிளகாய் மண்டி வைத்திருந்தவர். மண்டியை மகனிடம் விட்டுவிட்டு, தன்னைவிட வயதில் ரொம்பவும் இளையவரான வைத்தியர் வடிவம்மையைக் குருவாக வரித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். ஐயம்பெருமாளுக்கு வடிவம்மை ‘அம்மா’. வடிவம்மைக்கு ஐயம்பெருமாள் ‘அண்ணாச்சி’.

அன்று காலை குருவின் முன்னால் வந்து நின்றார்.

"நான் கெளம்புதேன், அம்மா."

"எங்கே?"

"மேலே. அருவிக்கு அந்தப் பக்கம் ஒரு குகை இருக்கு. தனியா உட்காரப் போறேன். இந்தக் கோபம் சுத்தமா ஒழிஞ்சப்புறம்தான் ஜன்னல் பக்கம் வருவேன்."

முந்தின நாள் பேச்சித்தாய் என்ற பெண்ணிடம் அவர் கத்தியிருந்தார். அவள் புருஷன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. இந்த எண்ணெய்க்கு நோய் கொஞ்சமும் கேட்கவில்லை என்று அவள் சொல்லப்போக, "இனாமா வாங்குற எண்ணெய்க்கு இவ்வளவு பேச்சா?" என்று மண்டிக் குரலில் சத்தம் போட்டுவிட்டார். அவள் வெறும் பாட்டிலோடு திரும்பிப் போனாள்.

"கத்தியே பொழச்ச வாய்ம்மா இது. இந்த ஓட்டையை வச்சுக்கிட்டு நோயாளி முன்னால நிக்கக் கூடாது."

வடிவம்மை தலையசைத்தார். "சரி. போறதுக்கு முன்னால மீட்டர் சரியா அளக்குதான்னு பார்த்து ஒப்படைச்சிட்டுப் போங்க."

பீப்பாயிலிருந்து கைப்பம்பில் இறைக்கும் எண்ணெய் அந்த மீட்டர் வழியாகத்தான் வெளியே வரும். உள்ளே முட்டை வடிவத்தில் இரண்டு பல்சக்கரங்கள். எண்ணெய் தள்ளத் தள்ள அவை உருளும். ஒவ்வொரு உருளலிலும் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே அகப்படுகிற எண்ணெய் ஒரே அளவுதான். எத்தனை உருளல் என்று பார்த்து முள் கணக்குச் சொல்லும்.

தைலத்தைச் சிந்த மனமில்லாமல் ஐயம்பெருமாள் தண்ணீரை விட்டுச் சோதித்தார். பத்து லிட்டர் வாளி நிரம்பியது. முள் ஒன்பதரையைத் தாண்டவில்லை.

"அடப் பாவி!" என்றார் மீட்டரைப் பார்த்து.

மூடியைக் கழற்றினார். சக்கரங்கள் சுவரைத் தொடவே இல்லை. சுற்றிலும் மயிரிழை இடைவெளி.

"இது வழியாத்தான் ஓடுதும்மா. சக்கரத்தைச் சுத்தாமலே தாண்டிப் போயிருது, கள்ளத்தனமா."

"அடைச்சிருங்க."

மூடி சக்கரங்களில் உரசாதபடி அதற்கு அடியில் ஒரு காகித வளையம் இருந்தது. அதை உருவி வைத்துவிட்டு, மூடி சக்கரங்கள் மேலேயே அமரும்படி திருகாணிகளை முறுக்கினார். போதாதென்று இன்னொரு முறுக்கு. பேரம் பேசும்போதும் அவருக்கு அந்த வழக்கம் உண்டு.

பம்பை அழுத்தினார். கைப்பிடி இறங்க மறுத்தது.

"இப்போ ஒழுகுதா?"

"ஒழுகலை."

"அளக்குதா?"

"எங்கம்மா அளக்க? சக்கரமே அசையமாட்டேங்குது!"

"வளையத்தைப் பழையபடி வையுங்க. தண்ணி வேண்டாம், எண்ணெய் விடுங்க."

விளக்கெண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய தைலம் அது. சாய்த்தால் கயிறு மாதிரி இறங்கும். சக்கரங்கள் மெதுவாக உருண்டன. வாளி நிரம்பியபோது முள் பத்தில் நின்றது. ஐயம்பெருமாள் நம்பவில்லை. திரும்பவும் இறைத்துப் பார்த்தார். பத்துதான்.

"இடைவெளி இருக்கா, அண்ணாச்சி?"

"அப்படியே இருக்கு."

"யார் அடைச்சா?"

எண்ணெயை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். "இதுதாம்மா. தண்ணி லேசு, நழுவிருது. இது இருக்கிற தடிப்புக்கு அந்தச் சந்துல ஓட முடியலை. அங்கேயே நின்னு அடைச்சிக்கிடுது."

வடிவம்மை வாளித் தைலத்தைத் திரும்பப் பீப்பாயில் ஊற்றினார்.

வெளியே வரிசை சேர்ந்துவிட்டிருந்தது. "கத்துற அண்ணாச்சி இருக்காரா, போயிட்டாரா?" என்று ஒரு குரல் எட்டத்திலிருந்து கேட்டது. பேச்சித்தாய்.

ஐயம்பெருமாள் குருவைப் பார்த்தார். குரு கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இருக்கேன், தாயி. வா."

"கடிச்சிர மாட்டீரே?"

"பல்லு பாதி போச்சு. தைரியமா வா."

கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பேச ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"நெடிய ஆளு அவரு. புரட்டிப் போட நான் ஒருத்திதான். எண்ணெயத் தேய்க்கேன், தேய்க்கேன்... கல்லுல தேய்க்கிற மாதிரி இருக்கு. நேத்து அழுதாரு. என்னைய விட்டுட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிருட்டின்னாரு. அந்த ஆத்திரத்துலதான் இங்க வந்து எண்ணெயக் குறை சொன்னேன்."

ஐயம்பெருமாள் குறுக்கே பேசவில்லை. அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் தானும் காத்து நின்றார். கடைசியில், "முதுகுல புண்ணு வந்திருக்கா?" என்று கேட்டார்.

"லேசா."

"சாயந்திரம் வாரேன். ரெண்டு பேராப் புரட்டுவோம்."

வரிசையில் பின்னாலிருந்து ஒருவன், "எண்ணெய் வாங்க வந்தியாக்கும், கதை சொல்ல வந்தியாக்கும்?" என்றான்.

"ஏல, மூடுல வாயை!"

ஐயம்பெருமாள் போட்ட சத்தத்தில் ஜன்னல் கதவு அதிர்ந்தது. பேச்சித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிரம்பிய பாட்டிலை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

ஐயம்பெருமாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பார்த்தீங்களா, அம்மா? இருக்கு. போகலை. அப்படியே இருக்கு."

"பேச்சித்தாய்க்கு எண்ணெய் கொடுத்தாச்சா?"

"கொடுத்தாச்சு."

வரிசையில் அடுத்த பாட்டிலைக் கையில் வாங்கினார். பிறகு கேட்டார்: "காலையிலேயே மலை ஏறியிருந்தா இந்தக் கத்தல் வந்திருக்காதில்லையா?"

"வந்திருக்காது" என்றார் வடிவம்மை. "சும்மா கிடக்கிற மீட்டர் ஒருநாளும் தப்புக் காட்டாது, அண்ணாச்சி."