பெயரில்லாத பாராட்டுப் பத்திரம்

பிள்ளைகளே, ஆற்றங்கரையை ஒட்டிய காடு ஒன்றில் ஒரு மயில் இருந்தது. அங்கிருந்த குட்டிகள் மன்றத்துக்கு அதுதான் செயலாளர். மேடை என்றால் அதற்கு உயிர். ஏறிவிட்டால் இறங்க மனமே வராது.

மன்றத்துக் குட்டிகளுக்கு மரம் ஏறவும், மோப்பம் பிடிக்கவும், நீந்தவும் சொல்லிக்கொடுக்கப் பெரிய விலங்குகள் சில தாமாகவே முன்வந்தன. நீச்சலுக்கு நீர்நாய். தன் இரையைக்கூடத் தேடாமல் தினமும் காலையில் மடுவுக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் வெள்ளம் காட்டுக்குள் புகுந்துவிடும். நீந்தத் தெரிந்த குட்டிதான் மேட்டுக்குப் போய்ச் சேரும்.

ஆண்டு விழா வந்தது. "உழைச்சவங்க எல்லாருக்கும் பாராட்டுப் பத்திரம் கொடுக்கணும்" என்றது மயில். நல்ல எண்ணம்தான், குறை சொல்லக் கூடாது. தேக்கிலைகளைக் குவித்துவைத்துக்கொண்டு நகத்தால் எழுத உட்கார்ந்தது. இரண்டு இலை முடிவதற்குள் கால் வலித்தது. நடன ஒத்திகை வேறு பாக்கி இருந்தது.

"யார் என்ன செஞ்சாங்கன்னு கேட்டுக் கேட்டு எழுதினா விழாவே முடிஞ்சிடும் அண்ணே" என்றது உதவிக்கு வந்த குரங்கு. "எல்லா இலையிலும் 'அரும்பணி ஆற்றிய ........ அவர்களுக்கு நன்றி'ன்னு ஒரே மாதிரி போட்டுடுவோம். பேரை அவங்கவங்களே எழுதிக்கட்டும்."

"அட, உனக்கு மூளை இருக்குடா!" மயில் மகிழ்ந்துபோனது.

விழாவில் மயில் ஒரு மணி நேரம் ஆடியது. சிறப்பு விருந்தினர் சிறுத்தைக்கு மாலை போட்டது. பாதிக் கூட்டம் பசி தாங்காமல் பந்திக்கு எழுந்து போன பிறகு, இலைக்கட்டை நீர்நாயிடம் நீட்டியது.

"உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு, மத்தவங்களுக்கும் கொடுத்திடுங்க."

நீர்நாய் இலையைப் பார்த்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். தனக்கென்று அது ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்கு இலைகளைக் கொடுத்து முடித்துவிட்டுத் தன் வளைக்குப் போய்விட்டது.

மறுநாள் கரடிக்குட்டி மயிலிடம் ஓடிவந்தது. "மாமா! நீர்நாய் அக்கா மலைப்பக்கத்து மடுவுக்கே போகப் போறாங்களாம். இங்க பாதிப் பேருக்கு இன்னும் நீச்சலே வரலை. மழை வந்தா என்ன பண்றது?"

மயிலுக்குக் கோபம் வந்தது. "அதான் பத்திரம் கொடுத்தாச்சே, இன்னும் என்ன வேணுமாம்? நீச்சல் என்ன பெரிய வித்தையா? நானே சொல்லித் தர்றேன், வாங்க!"

மடுவில் இறங்கி நாலடி வைத்ததுதான் தாமதம். தோகை முழுவதும் நீரைக் குடித்து, ஈரச் சாக்கு மாதிரி கீழே இழுத்தது. அகவக்கூடக் குரல் வரவில்லை. அதற்குள் கரடிக்குட்டி பாய்ந்து நீந்தி வந்து, மயிலின் அலகுக்கு அடியில் முன்னங்காலைக் கொடுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்தது.

"பயப்படாதீங்க மாமா. மூச்சை எண்ணுங்க. ஒண்ணு... ரெண்டு... நான் விடமாட்டேன்."

கரையேறியதும் மயில் மூச்சு வாங்கியபடி கேட்டது: "இதையெல்லாம் எங்கேடா கத்துக்கிட்ட?"

"தண்ணியைப் பார்த்தாலே நான் அழுவேன் மாமா. நீர்நாய் அக்கா பதினோரு நாள் என் தாடையை இப்படியே பிடிச்சுக்கிட்டு மூச்சை எண்ணினாங்க. பன்னிரண்டாம் நாள்தான் விட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

மயிலுக்குத் தெரியாது. ஒரு நாளும் அது மடுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. சொட்டச் சொட்ட நனைந்த தோகையை இழுத்துக்கொண்டு, குட்டிகள் சிரித்ததையும் பொருட்படுத்தாமல், நேரே நீர்நாயின் வளைக்கு நடந்தது.

நீர்நாய் கிளம்பத் தயாராக வெளியே நின்றது.

"நன்றி சொல்ல வந்தேன் அக்கா."

"அதான் நேத்தே சொல்லிட்டீங்களே."

"நேத்து யாருக்கு, எதுக்குன்னு தெரியாமச் சொன்னேன். கரடிக்குட்டியைப் பதினோரு நாள் தாங்கிப் பிடிச்சீங்களே, அதுக்குச் சொல்றேன். நீங்க அவனைப் பிடிச்சதாலதான் இன்னிக்கு அவன் என்னைப் பிடிச்சான். மத்தவங்களையும் நேர்ல போய்ப் பார்த்துட்டுத்தான் வாயைத் திறப்பேன். எங்களை விட்டுப் போயிடாதீங்க."

நீர்நாயின் மீசை துடித்தது, சிரிப்பு வந்துவிட்டது.

"பன்னிரண்டாம் நாளும் தண்ணிக்கு அடியில பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அவனுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க" என்றபடி குட்டிகள் இருந்த மடுவை நோக்கி நடந்தது.

நீதி: உழைத்தவர் யார், அவர் செய்தது என்ன என்று அறிந்து சொல்வதே நன்றி.