தகரக் கொட்டகையில் முயல்

ஒரு மலைக்காட்டில், மேகம் இறங்கி வந்து புல்லை நனைக்கும் உயரத்தில், சாமந்தி என்ற முயல் தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. ஐப்பசி மழையில் மண் சரிந்து, அது குடியிருந்த புதர் மூடிப் போனது. குட்டிகளை வெளியே இழுத்துக் காப்பாற்றியதே பெரும்பாடாகிவிட்டது.

காட்டோரத்தில், சாலை போட வந்தவர்கள் விட்டுப் போன தகரக் கொட்டகை ஒன்று கிடந்தது.

"இனி இதுதான் நம் வீடு" என்றது சாமந்தி.

மறுநாள் காலையிலேயே குட்டிகள் நடுங்கின. தகரத்தைத் தொட்டால் பாதம் விறைத்தது. இன்னும் ஒரு மாதத்தில் உறைபனி வந்துவிடும்.

சாமந்தி சும்மா உட்கார்ந்திருக்கும் முயல் அல்ல. விடிந்ததும் புறப்பட்டுப் போய், காய்ந்த புல்லை வாய் நிறையக் கவ்விக்கொண்டு வந்தது. தகரத்தோடு ஒட்டும்படி அழுத்தி அழுத்தி அப்பியது. ஓர் ஆணித் துளையைக்கூட விடாமல் அடைத்தது.

அந்தக் கூரையின் மேல் பேச்சி என்ற மைனா குடியிருந்தது. ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். அதனால் அது சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"முயலக்கா, புல்லைத் தகரத்தில் ஒட்டாதீர்கள். நடுவில் கொஞ்சம் இடம் விடுங்கள். உச்சியில் ஒரு துளையும் வேண்டும்" என்றது பேச்சி.

"துளை விட்டால் குளிர் உள்ளே வராதா? எனக்குத் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, போய் வா" என்றது சாமந்தி.

இருபது நாள் உழைத்தது. பாதங்கள் வெடித்துவிட்டன. ஆனால் சுவரும் கூரையும் புல்லால் மூடியிருந்தன. உள்ளே கதகதப்பு. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளையாடின.

வேலை முடிந்த இரண்டாம் நாள் காலையில் கடைக்குட்டி மிளகு, "அம்மா, வீட்டுக்குள் மழை பெய்கிறது!" என்று கத்தியது.

சாமந்தி வெளியே ஓடிப் பார்த்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. 'எங்கோ ஓட்டை இருக்கிறது' என்று நினைத்து இன்னும் புல் கொண்டு வந்து அடைத்தது. சொட்டு நிற்கவில்லை. நாலைந்து நாளில் புல்லில் மக்கிய வாடை வந்தது, கறுப்பாகப் பூஞ்சை பூத்தது. மிளகு இருமத் தொடங்கியது. கேரட்டைப் போல் இனிக்கும் கிழங்கைக் கொடுத்தும் அது வாயைத் திறக்கவில்லை.

சாமந்தி வாசலில் நின்று மேலே பார்த்தது. "பேச்சி, கூரையில் எங்கே ஓட்டை?"

மைனா கீழே இறங்கி வந்தது. "ஓட்டையே இல்லை, அக்கா. மிளகு, இந்தப் புல்லை விலக்கித் தகரத்தில் ஊது பார்ப்போம்."

மிளகு ஊதியது. தகரம் மங்கியது. மீண்டும் மீண்டும் ஊத, முத்து முத்தாக நீர் சேர்ந்து ஒரு சொட்டு வழிந்தது.

"நீங்கள் நாலு பேர் விடும் மூச்சு வெளியே போக வழியில்லை. சில்லென்ற தகரத்தில் பட்டு நீராகிறது. அந்த நீரைத்தான் புல் குடிக்கிறது."

"இப்போது என்ன செய்வது?"

"எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்."

சாமந்திக்குக் கண்ணில் நீர் முட்டியது. "இருபது நாள் உழைப்பு! என் பாதத்தைப் பார்! இதன் மேலேயே இன்னும் கொஞ்சம் காய்ந்த புல்லை அப்பினால் போதாதா?"

பேச்சி சுவரிலிருந்து ஒரு புல்லை அலகால் இழுத்துக் காட்டியது; அதிலிருந்து நீர் சொட்டியது.

மிளகு மீண்டும் இருமியது. சாமந்தி திரும்பியது. சுவரில் தான் முதன்முதலில் வைத்த புல்லைப் பல்லால் கவ்வி இழுத்தது. அது பொதபொதவென்று தரையில் விழுந்தது. பிறகு சாமந்தி எல்லாவற்றையும் பிரித்து முடிக்கும் வரை நிற்கவில்லை.

பேச்சி நாணல் குச்சிகள் கொண்டு வந்தது. தகரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அவற்றை நட்டார்கள். கூரைக்குக் கீழும் அப்படியே இடம் விட்டுக் கட்டினார்கள். குட்டிகள் பொறுக்கி வந்த காய்ந்த புல்லைக் கத்தை கத்தையாக அதில் செருகினார்கள். மூச்சுக் காற்று வெளியே போக உச்சியில் ஒரு துளை, புதுக் காற்று உள்ளே வரத் தரையோரம் ஒரு சிறு துளை. படுக்க உலர்ந்த இலை மெத்தை.

"இனிச் சித்திரை வெயிலில் தகரம் காய்ந்தாலும் சூடு உள்ளே வராது, அக்கா" என்றது பேச்சி.

வேலை முடிந்த மறுநாளே உறைபனி கொட்டியது. காலையில் காடே உப்பைக் கொட்டியது போல் வெளுத்திருந்தது. சாமந்தி பயந்துகொண்டே புல் சுவரைத் தடவிப் பார்த்தது. காய்ந்திருந்தது. மிளகு இருமாமல், சீராக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

சாமந்தி அதன் பக்கத்தில் படுத்தது. மண் சரிந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அது அயர்ந்து தூங்கியது.

நீதி: எவ்வளவு பாடுபட்டுக் கட்டியதானாலும், தவறென்று தெரிந்தால் பிரித்துக் கட்டத் தயங்கக் கூடாது.