முகமில்லாத படம் யாருக்கு?

“நேரா நிக்கக்கூடத் தெரியாதவளை என் தம்பி எதுக்கு மெனக்கெட்டு வரையணும்?”

நாத்தனார் மிக்கேலம்மாள் இதையே மறுபடியும் சொன்னதும், கிளாரா சுவரிலிருந்த படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “எடுக்கிறதுன்னா என்னைத் தாண்டி எடுங்க, மைனி.”

தூத்துக்குடியில் கோயில்களுக்குச் சுரூபச் சிலை செய்துவந்த அவள் கணவர் சவரிராயனுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு இந்தச் சண்டை. சுரூபத்துக்குக் கண், மூக்கு, ஆடை மடிப்பு என்று ஒன்று விடாமல் செதுக்குவார். தனக்கென்று வரைந்தால் மட்டும் நாலைந்து கோடுதான், முகமே இருக்காது. கடைசியாக வரைந்தது ஒரு பெண் உருவம். “இதுல இருக்கிறவளுக்கே இது” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். பெயரையும் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்னால் வாயா வலித்துவிடும்?

மிக்கேலம்மாளுக்கு முழங்கால் போய்ப் பல வருஷம். கைத்தடியை அழுத்தி ஊன்றித்தான் நிற்பாள். “கூடப் பிறந்தவளை விட்டுட்டு வேற யாரை வரைவான்?”

சுரூபங்களுக்கு மாதிரியாக நின்ற பொன்னுத்தாயும் விடவில்லை. “இந்த ஊர்ல பாதி மாதா என் ஜாடைதான். ரெண்டு காலையும் ஊனி, தூணாட்டம் அசையாம நின்னவ நான். அண்ணன் வேற யாரைப் பாத்தாராம்?”

கிளாராவிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஈரக் களிமண்ணில் தூசி விழும் என்று அவர் அவளைப் பட்டறைக்குள் விட்டதே கிடையாது. மத்தியானமானால் வாசல் நிலையில் தோளைச் சாய்த்து நின்று சாப்பிடக் கூப்பிடுவாள். “இந்தா வந்துட்டேன்” என்பார், வரமாட்டார். இத்தனை வருஷத்தில் தன்னை ஒரு கோடாவது வரைந்தாரா? அது தெரியாமல் படத்தை விடுவதாயில்லை அவள்.

சவரிராயனிடம் ஒரு வழக்கம் உண்டு. “உடம்போட பாரம் எங்க இறங்குதோ, அங்கதான் பிரஷ்ஷை முதல்ல வைக்கணும். அது தெரியாதவன் செஞ்ச சிலை விழுந்துடும்” என்பார். முதலில் தொட்ட இடத்தில் மை ஊறிப் பொட்டாக நிற்கும்.

இந்தப் படத்தில் பொட்டு தோளில் இருந்தது.

சொல்லுங்கள், படம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: தடி ஊன்றுகிறவள் என்றால் பொட்டு உள்ளங்கையில் இருக்கும். தூணாட்டம் நின்றவள் என்றால் பாதத்தில். தோளில் பாரத்தை இறக்கி நின்றவள் ஒருத்திதான். அவள் சாய்ந்த வாசல் நிலையை மட்டும் அவர் வரையாமல் விட்டிருக்கிறார். நேராக நிற்கத் தெரியாதவள் என்று மைனியே தீர்ப்பும் சொல்லியாயிற்று. கிளாரா பொட்டைத் தொட்டுப் பார்த்தாள். படத்தை இடுக்கிக்கொண்டு எழுந்து போய், பட்டறை வாசல் நிலையில் தோளைச் சாய்த்தாள்.

“சோறு ஆறுது. சாப்பிட வாங்க.”