வெள்ளிக்கிழமைப் பாக்கெட்டுகள்

மிளகாய்த்தூள் கம்பெனியில் தரம் பார்க்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கப் பூங்கோதை டீச்சர் வந்திருந்தார். படிக்க உட்கார்ந்த சூப்பர்வைசர் சென்னியப்பன் டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சொன்னதை ஒன்று விடாமல் செய்கிறவர்.

பாக்கெட்டில் எடை குறைகிறது என்று கடைக்காரர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள் என்றார் டீச்சர். சென்னியப்பன் ஒரு மாதம் பாக்கெட்டுகளை ஆபீஸ் தராசில் மறு எடை போட்டு, நிறுத்தவர் பேரோடு எழுதி வந்தார். குறைந்ததெல்லாம் மயிலாத்தா நிறுத்தது. நூறு கிராமுக்கு நாலு கிராம் குறைவு. சனிக்கிழமையோடு அவளை நிறுத்திவிடச் சொல்லிவிட்டார் முதலாளி. அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

“அளந்து பார்த்தா ஆளு தெரிஞ்சுருது டீச்சர்,” என்றார் சென்னியப்பன்.

பாக்கெட் நிறுக்கும் தராசில் யார் யார் எப்போது உட்காருவார்கள் என்று டீச்சர் கேட்டார். ஆளுக்கு ஒரு நாள், மயிலாத்தாவுக்கு வெள்ளிக்கிழமை என்றார் அவர்.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் மயிலாத்தாவை லேபிள் ஒட்ட அனுப்பிவிட்டுத் தானே தராசில் உட்கார்ந்தார். பொழுதுக்கும் நிறுத்தார். சாயங்காலம் சென்னியப்பன் மறு எடை போட்டார். நாலு கிராம் குறைந்தது. ஆபீஸ் தராசை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி போட்டார். அதே நாலு.

மயிலாத்தா லேபிளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“அப்ப நாளையோட டீச்சருக்கும் வேலை இல்லீங்களா?”

கூட லேபிள் ஒட்டிய பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

டீச்சர் எழுந்தார். தான் நிறுத்த தராசின் தட்டோரத்தில் சந்தனம் அப்பி ஒட்டியிருந்த செவ்வந்திப் பூவைச் சந்தனத்தோடு பெயர்த்து, ஆபீஸ் தராசில் வைத்தார். நாலு கிராம் காட்டியது.

வெள்ளிக்கிழமை காலையில் தராசைப் போட்டு, ஜீரோ வந்ததும் சூடம் காட்டிப் பூ வைப்பது சென்னியப்பன்தான். ஒரு வாரமும் தவறியதில்லை.

அவர் நோட்டை எடுத்து, மயிலாத்தா பேர் வந்த இடத்திலெல்லாம் கோடு போட்டு அடித்தார்.

“இங்க எம் பேரை எழுதிரட்டுங்களா டீச்சர்?”

“வேண்டாங்ண்ணா. தட்டுல பூன்னு எழுதுங்க. உங்க பேரை எழுதினா உங்களை மாத்துவாங்க. அடுத்து வர்றவரும் பூ வெப்பாரு.”